ஒரே அடியில ஒரு கார்! தொண்டு கோல்ஃப் போட்டியில அந்தக் காசை யார் தர்றாங்க?

வணக்கம் மக்களே! 1987 மே மாசம். அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலம், கார்ன்வால்ங்கிற ஊர். அங்க ஒரு கோல்ஃப் மைதானத்துல ஒருத்தர் போட்டி ஆடிக்கிட்டே 9ஆவது குழிக்கு வர்றார். பார்த்தா, புத்தம்புது செவ்ரோலே பெரெட்டா கார் ஒண்ணு நிக்குது. பக்கத்துல போர்டு. ஒரே அடியில பந்தைக் குழிக்குள்ள போட்டா இந்தக் கார் உங்களுக்கு!

அடிச்சார். பந்து குழிக்குள்ள!

போய்க் காரைக் கேட்டா, அதை அங்க நிறுத்தியிருந்த ஷோரூம்காரங்க தர முடியாதுன்னுட்டாங்க. ஏன்னா அந்தப் பரிசு அவர் ஆடுன போட்டிக்கே இல்ல. ரெண்டு நாள் முன்னாடி ஒரு தொண்டுக்கு நிதி திரட்டறதுக்காக நடந்த கோல்ஃப் போட்டிக்கு வெச்சது. அது முடிஞ்ச பிறகும் காரையும் போர்டையும் எடுக்காம விட்டுட்டாங்க. கேஸ் கோர்ட்டுக்குப் போச்சு. தீர்ப்பை இந்த வீடியோவுலயே சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. ஏழைப் பிள்ளைங்களுக்கோ ஆஸ்பத்திரிக்கோ காசு சேர்க்க நடத்துற போட்டியில, எந்த தைரியத்துல ஒரு காரையே பரிசா நிறுத்தறாங்க? யாராவது அடிச்சுட்டா சேர்த்த காசு மொத்தமும் போயிடாதா?

போகாது. அதுக்கு இன்சூரன்ஸ் இருக்கு! ஒரே அடியில பந்தைக் குழியில போடறதுக்கு ஹோல்-இன்-ஒன்னு பேர், அதனால ஹோல்-இன்-ஒன் இன்சூரன்ஸ்னே இதைச் சொல்லுவாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமாவே பார்ப்போம்.

சாதாரண ஆட்டக்காரர் ஒருத்தர் ஒரே அடியில பந்தைக் குழியில போடறதுக்கு வாய்ப்பு 12,500ல ஒண்ணு. கோல்ஃப் உலகத்துல பரவலா சொல்ற கணக்கு இது. இப்ப போட்டியில 144 பேர் ஆடறாங்க, கார் ஒரு குழியில மட்டும் நிக்குதுன்னு வைங்க. 12,500ஐ 144ஆல வகுங்க. கிட்டத்தட்ட 87 வரும். அதாவது இப்படி 87 போட்டி நடந்தா சராசரியா ஒண்ணுலதான் கார் கைமாறும். கார் விலை 40,000 டாலர்னா, இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு போட்டிக்கு ஒதுக்க வேண்டியது சுமார் 460 டாலர். அதுக்கு மேல அவங்க செலவும் லாபமும் சேர்ந்தா, அதுதான் பிரீமியம். பல இடங்கள்ல அந்தப் பிரீமியத்தையும் கார் ஷோரூமே கட்டிடும். 144 பேர் அந்தக் காரைப் பார்த்துட்டு, பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க இல்லையா? ஷோரூமுக்கு இதைவிட விளம்பரம் வேணுமா? தொண்டு அமைப்புக்கு ஒரு பைசா செலவு இல்ல.

ஆனா நிபந்தனை நிறைய. அடிக்கிற இடத்துக்கும் குழிக்கும் நடுவுல குறைஞ்சபட்சம் இவ்வளவு கஜம் தூரம் இருக்கணும். எத்தனை பேர் ஆடறாங்கன்னு முன்னாடியே சொல்லணும். பக்கத்துல சாட்சி நிக்கணும். பந்து உள்ள விழுந்ததைக் கண்ணால பார்த்த ஆள் வேணும். பாலிசியில எழுதியிருக்கிற தூரத்தைவிடக் கிட்ட இருந்து அடிக்க விட்டுட்டா, கம்பெனி பணம் தராமப் போகலாம். அப்போ அந்த 40,000 டாலர் ஏற்பாட்டாளர் தலையில விழும். இப்படி ஒரு போட்டி நடத்தற யாராவது இதைப் பார்த்துக்கிட்டு இருந்தா, தயவு செஞ்சு பாலிசியை வரிக்கு வரி படிங்க. அன்னிக்குக் காலையில டேப் பிடிச்சு தூரத்தை அளங்க.

சரி, பென்சில்வேனியா தீர்ப்பு. 1989ல மேல்முறையீட்டுக் கோர்ட்டும் ஆட்டக்காரர் பக்கம்தான் நின்னுச்சு. போர்டைப் படிக்கிற யாருக்கும் அது திறந்த வாக்குறுதியாத்தான் தெரியும். அதை நம்பி அவர் அடிச்சார், போட்டுட்டார், அப்பவே ஒப்பந்தம் உறுதியாயிடுச்சு. போர்டை எடுக்க மறந்துட்டோம்கிறது ஷோரூம்காரங்க மனசுக்குள்ள இருந்த விஷயம், அது அவருக்கு எப்படித் தெரியும்? கார் அவருக்குத்தான்! எனக்கு இந்தத் தீர்ப்பு நூத்துக்கு நூறு சரின்னு படுது. உங்களுக்கு?

இப்ப போட்டி எப்படி நடக்குது? பொதுவா நாலு பேர் ஒரு அணி. நாலு பேரும் அடிப்பாங்க, நல்லா விழுந்த பந்து எதுவோ அங்கிருந்தே எல்லாரும் அடுத்த அடி. இதுக்கு ஸ்கிராம்பிள்னு பேர். கோல்ஃப் சரியா வராதவங்களும் கூச்சப்படாம வந்து ஆடலாம். முல்லிகன்னு ஒண்ணு விப்பாங்க. காசு கொடுத்தா, சொதப்பின அடியை மறுபடி அடிச்சுக்கலாம். தெரு கிரிக்கெட்ல அவுட் ஆனதும் "ட்ரையல் பால்"னு கத்துவோமே, அதையே இங்க நன்கொடையா மாத்திட்டாங்க! ஆனா கார் குழியில அது செல்லாது. அங்க முதல் அடி மட்டும்தான் கணக்கு.

எல்லா அணியும் வேற வேற குழியில ஒரே நேரத்துல ஆட்டத்தை ஆரம்பிக்கிறதுக்கு ஷாட்கன் ஸ்டார்ட்னு பேர். ஏன் இப்படி ஆரம்பிக்கிறாங்க தெரியுமா? 36 அணியை முதல் குழியில இருந்து 10 நிமிஷத்துக்கு ஒண்ணா அனுப்பினா, கடைசி அணி கிளம்பவே கிட்டத்தட்ட 6 மணி நேரம் ஆகும். முதல்ல முடிச்சவங்க அதுக்குள்ள வீட்டுக்குப் போயிடுவாங்க. சாயங்காலம் விருந்துல ஏலம் நடக்கும்போது கை தூக்க ஆள் இருக்காது. ஏலத்துல ஆள் இல்லைன்னா காசும் இல்ல!

இதையே பெரிய அளவுல பார்க்கணும்னா, அமெரிக்காவுல மெம்ஃபிஸ் நகரம். நடிகர் டேனி தாமஸ் 1962ல அங்க செயின்ட் ஜூட் குழந்தைகள் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். சிகிச்சைக்குக் குடும்பத்துக்கிட்ட பில்லே கொடுக்காத ஆஸ்பத்திரி அது. 1970ல மெம்ஃபிஸ் கோல்ஃப் போட்டி அவர் பேரை எடுத்துக்கிட்டு அந்த ஆஸ்பத்திரிக்காக நடக்க ஆரம்பிச்சது. 1977 ஜூன்ல அந்தப் போட்டியில என்ன நடந்துச்சு பாருங்க. அந்த ஜனவரியிலதான் பதவியில இருந்து இறங்கின ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டு, பிரபலங்கள் ஆடுற சுற்றுல ஒரே அடியில குழியில போட்டார். ரெண்டே நாள்ல, அதே மைதானத்துல, ஆல் கைபெர்கர் 59 அடியில 18 குழியையும் முடிச்சார். பிஜிஏ டூர்ங்கிற அமெரிக்கத் தொழில்முறை கோல்ஃப் போட்டித் தொடர் வரலாற்றுல, ஒரு சுற்றுல 60 அடிக்குக் கீழ போன முதல் ஆள் அவர்தான். ஒரு ஆஸ்பத்திரிக்காக நடந்த போட்டியில, ஒரே வாரத்துல, ரெண்டு அதிசயம்! இன்னிக்கும் அந்தப் போட்டியோட பேர்ல செயின்ட் ஜூட் இருக்கு.

கடைசியா காசு விஷயம், இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க. அமெரிக்காவுல 250 டாலர் கொடுத்து ஆடப் போறீங்க. ஆட்டமும் சாப்பாடும் 150 டாலர் பெறும்னா, வரிக் கணக்குல நன்கொடைன்னு காட்ட முடியறது மீதி 100 மட்டும்தான். 75 டாலருக்கு மேல வாங்கினா, பதிலுக்குக் கொடுத்ததோட மதிப்பு என்னன்னு அமைப்பு எழுதித் தரணும்னே சட்டம் இருக்கு. மைதான வாடகை, சாப்பாடு, டி-ஷர்ட்னு செலவு நிறைய. ஆடறவங்க கட்டுற நுழைவுக் கட்டணத்தை மட்டும் நம்பி நடத்தினா கையில பெருசா ஒண்ணும் நிக்காது, அதனாலதான் குழிக்கு ஒரு ஸ்பான்சர் பிடிக்கிறாங்க. யாராவது "இவ்வளவு லட்சம் திரட்டினோம்"னு போஸ்டர் போட்டா, செலவு போக எவ்வளவு போய்ச் சேர்ந்துச்சுன்னு கேளுங்க. நல்லா நடத்தறவங்க அந்த நம்பரைச் சந்தோஷமாச் சொல்லுவாங்க.

கார் கேஸ்ல நீங்க நீதிபதியா இருந்தா என்ன தீர்ப்பு சொல்லியிருப்பீங்க? கமெண்ட்ல எழுதுங்க, எல்லாத்தையும் படிக்கிறேன்.