ஒற்றை இருக்கை

மதிப்புக்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

சமூகச் சீர்திருத்தச் சட்டங்களைப் பெற்றுத் தருவது பெரிய கட்சியின் பெரும்பான்மையா, சிறிய கட்சியின் ஒற்றைக் குரலா என்பது இன்றைய வழக்கு. ஒற்றைக் குரலே என்று வாதாட வந்திருக்கும் நான், ஒரே ஒருவரைச் சான்றாக அழைக்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில மேலவையில் 2014 தேர்தல் முதல் 2022 தேர்தல் வரை உறுப்பினராக இருந்த ஃபியோனா பாட்டன் அவர்.

அவர் முதலில் வென்றது ஆஸ்திரேலிய செக்ஸ் கட்சியின் சார்பில். பெயரைக் கேட்டதும் அவையில் சிலர் நெளிவது தெரிகிறது, அங்கேயும் நெளிந்தார்கள். பாலியல் தொழிலாளர்களின் உரிமைக்காகவும் தணிக்கைக்கு எதிராகவும் பல்லாண்டு போராடிய பிறகு தொடங்கிய கட்சி என்பதால், எதற்காக நிற்கிறோம் என்பதை அவர் பெயரிலேயே மறைக்காமல் சொன்னார். 2017-இல் அது ரீசன் கட்சி, அதாவது பகுத்தறிவுக் கட்சி ஆயிற்று.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "40 பேர் கொண்ட மேலவையில் ஒரே ஒரு வாக்கை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்துவிட முடியும்? சட்டங்களை இயற்றியது தொழிற்கட்சி அரசுதானே?" என்று கேட்டார். 2014 தேர்தலுக்குப் பின் அந்த மேலவையில் ஆளும் தொழிற்கட்சிக்கு இருந்தவை 14 இடங்கள். பெரும்பான்மைக்கு வேண்டியவை 21. எதிரணி போற்றும் அந்தப் பெரும்பான்மை மேலவையில் எந்தக் கட்சியிடமும் இல்லை என்பதை நடுவர் அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இனி, கிழக்கு மெல்போர்னில் உள்ள கருக்கலைப்பு மருத்துவமனை ஒன்றின் வாசலுக்கு வாருங்கள். பதாகைகளோடும் கருவின் படங்களோடும் நிற்பவர்கள், உள்ளே செல்லும் பெண்ணை வழிமறித்து, கையில் துண்டறிக்கையைத் திணித்து, நீ செய்வது கொலை என்பார்கள். ஒரு நாள் இரு நாள் அல்ல, ஆண்டுக்கணக்கில் இதுவே நடந்தது. 2001-இல் அங்கே காவலாளி ஒருவர் கருக்கலைப்பு எதிர்ப்பாளன் ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2008-இல் கருக்கலைப்பைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கிய அதே மாநிலம், அந்த உரிமையைப் பெற ஒரு பெண் கடக்கவேண்டிய பத்தடி நடைபாதையை அப்படியே விட்டுவிட்டது. மருத்துவமனை நீதிமன்றத்தை நாடியும் பயனில்லை. 2015-இல் பாட்டன் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அரசு அதன் நோக்கத்தை ஏற்றுத் தன் மசோதாவாக்கி, அதே ஆண்டில் நிறைவேற்றியது. இத்தகைய மருத்துவமனைகளைச் சுற்றி 150 மீட்டருக்குள் எவரையும் துன்புறுத்தக் கூடாது என்றானது. 2019-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும் அது செல்லும் என்றது. சட்டம் அவர் பெயரில் இல்லை, உண்மை. ஆனால் அவர் வரும்வரை அந்தப் பெண்கள் ஏன் காத்திருக்க வேண்டியிருந்தது?

அடுத்து எதிரணியின் வலுவான வாதம். தீரா நோயால் இறுதிக் கட்டத்தில் இருப்பவர்கள் மருத்துவ உதவியோடு தம் மரணத்தைத் தேர்ந்துகொள்ள அனுமதிக்கும் சட்டம் வந்தது, 2016-இல் தந்தையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸின் மனமாற்றத்தால்தான் என்றார்கள். அந்த மனமாற்றத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மனம் ஒரே இரவில் மாறலாம். சட்டம் ஒரே இரவில் உருவாகாது. பாட்டன் 2015-லேயே வலியுறுத்திப் பிறந்த விசாரணையில், அவரும் அங்கம் வகித்த மேலவைக் குழு 1,000-க்கும் மேற்பட்ட மனுக்களைப் பெற்று, மருத்துவர்களையும் நோயாளிகளின் குடும்பத்தாரையும் கேட்டறிந்து, 2016 ஜூனில் 49 பரிந்துரைகளை அளித்திருந்தது. முதல்வரின் மனம் மாறியபோது அறிக்கை அவர் மேசைமேல் ஆயத்தமாக இருந்தது. 2017 நவம்பரில் மேலவையில் 22-க்கு 18 என்று மசோதா கரை சேர்ந்தது. ஆஸ்திரேலிய மாநிலங்களில் அதுவே முதல் சட்டம்.

மெல்போர்னின் வட ரிச்மண்டில், போதைக்கு அடிமையானவர்கள் அளவு மீறி உயிரிழக்காமலிருக்க, செவிலியர் கண்காணிப்பில் போதை ஊசி போட்டுக்கொள்ளும் மையமும் இப்படித்தான். வேண்டாம் என்று மறுத்துவந்த அரசு, 2017-இல் பாட்டன் மசோதா கொண்டுவந்த சில மாதங்களில் இசைந்தது. 2018-இல் மையம் திறந்தது.

நம் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் பெரிய கட்சி எதன் துணையுமின்றி, 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்துக்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். முழுமையான தடைச்சட்டம் வந்தது 1947-இல். அதை ஒரு அரசாங்கத்தின் கொடை என்று எதிரணியினர் சொல்வார்களா?

2022 தேர்தலில் பாட்டன் தோற்றார் என்பதை நான் மறைக்கவில்லை. சிறு கட்சிக்காரரின் இருக்கை நிலையற்றது. அதே ஆண்டில்தான் அவர் வாழ்நாளெல்லாம் கேட்டுவந்தபடி, பாலியல் தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கும் சட்டமும் நிறைவேறியது. அவர் இப்போது அவையில் இல்லை. அந்த 150 மீட்டர் எல்லை அங்கேயே இருக்கிறது. தீர்ப்பை நடுவர் அவர்களிடம் விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.