மனம் வராத நாளில் யார் தொழுவது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, எங்கள் அணிக்குக் கைதட்டலாமா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிற பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

‘பிரார்த்தனைக்கு உயிர் தருவது மனமா, முறையா?’ இதுதான் இன்றைய தலைப்பு. முறையே என்று பேசப் போகிறேன் என்றதும் என் வீட்டிலேயே, “வேறு பக்கம் கிடைக்கவில்லையா?” என்று கேட்டார்கள். கேட்பார்கள். மனம் என்று சொன்னாலே கூட்டம் உருகுகிறது. முறை என்று சொன்னால் வரிசையில் நிற்கிற நினைப்பு வருகிறது.

எனக்கு முன்னால் பேசியவர் மூன்று அம்புகளை விட்டார். கதவைப் பூட்டிக்கொண்டு தனியாக ஜெபம் செய் என்று இயேசு சொன்னார்; மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலாரைத் தேடி இறைவன் போனான்; மனமில்லாத வார்த்தைகளைவிட வார்த்தையில்லாத மனமே பிரார்த்தனையில் மேலானது என்று காந்தி எழுதினார். மூன்றும் உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் மூன்றையும் பாதியில் நிறுத்திவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். மீதிப் பாதியை நான் சொல்கிறேன்.

முதலில் மத்தேயு. ஆறாம் அதிகாரம், ஆறாம் வசனத்தில்தான் அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டச் சொல்கிறார். அங்கிருந்து மூன்றே வசனம் கீழே இறங்குங்கள். ஒன்பதாம் வசனம்: ‘நீங்கள் ஜெபம்பண்ணவேண்டிய விதமாவது’. நடுவர் அவர்களே, விதம் என்றால் என்ன? முறைதானே! அதற்குப் பிறகுதான் ‘பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே’ வருகிறது. இதே இடத்தை லூக்கா சொல்லும்போது இன்னும் ருசியாக இருக்கும். சீடர்களில் ஒருவர் வந்து, யோவான் தன் ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த மாதிரி எங்களுக்கும் ஜெபிக்கச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்கிறார். கூடவே நடந்து, கூடவே சாப்பிட்டவர்கள். அவர்களுக்கா மனம் இல்லை? மனம் நிறைய இருந்தது, எப்படி என்று தெரியவில்லை. ‘உனக்குத் தோன்றியதைச் சொல்லிக்கொள்ளப்பா’ என்று குரு அனுப்பிவிடவில்லை. உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்புறம், கதவைப் பூட்டச் சொன்னதும் ஒரு முறைதான் என்பதை நண்பர் கவனிக்கவே இல்லை.

அடுத்து பூசலார். கையில் காசில்லாத மனிதர். மனத்தில் கட்டினார், சரி. எப்படிக் கட்டினார்? கண்ணை மூடினார், கோயில் வந்துவிட்டது என்றா பெரியபுராணம் சொல்கிறது? வேண்டிய பொருளையும் தச்சர்களையும் மனத்திலே திரட்டுகிறார். நல்ல நாள் பார்க்கிறார். அடித்தளம் போடுகிறார். அடுக்கடுக்காக எழுப்பிச் சிகரம் வைத்து, சுதை பூசி, கிணறு வெட்டி, மதில் சுற்றி, குளமும் தோண்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் குடமுழுக்குக்கு நாள் குறிக்கிறார். மனக்கோயில்தானே, மதிலை விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? சுதை காயக் காத்திருக்காவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒரு படியைக்கூட அவர் தாண்டவில்லை. காஞ்சியில் கல்லாலே கட்டிவிட்டுக் காத்திருந்த மன்னனிடம், நீ வேறு நாள் வைத்துக்கொள் என்று கனவில் வந்து இறைவன் சொன்னது இப்படிப்பட்ட ஆளுக்காகத்தான். எதிரணி நண்பர் என் சாட்சியை அவர் செலவிலேயே கூட்டிவந்து நிறுத்தியிருக்கிறார். நன்றி ஐயா.

காந்திக்கு வருகிறேன். 1948 ஜனவரி 30. டெல்லி பிர்லா மாளிகையில் மாலை 5 மணிக்குப் பிரார்த்தனைக் கூட்டம். பட்டேலோடு பேச்சு நீண்டுவிட்டது. நேரம் தவறுவது அவருக்கு ஆகாது. பேத்தி முறைப் பெண்கள் இருவரின் தோளைப் பிடித்துக்கொண்டு புல்வெளி வழியாக வேகமாக நடக்கிறார். அங்கே வைத்துத்தான் சுட்டார்கள். நான் கேட்கிறேன், வார்த்தை இல்லாத மனமே போதும் என்று எழுதியவர், நாடு கொந்தளித்துக்கொண்டிருந்த அந்த நாளில் பட்டேலுக்கு எதிரில் உட்கார்ந்தபடியே ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? எழுந்து நடந்தார். அவர் எழுதியதைப் படித்தவர்கள் நடந்ததையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சரி, பதில் சொன்னது போதும். நான் ஏன் இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் நண்பனின் தாயாருக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய். முதலில் சாவி, அப்புறம் தெரு, அப்புறம் பெயர்கள். ஒருநாள் சாயங்காலம் பார்க்கப் போயிருந்தேன். நண்பன் பக்கத்தில் உட்கார்ந்து தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தான். அவனைத் திரும்பிப் பார்த்து, “தம்பி, நீங்க யார் வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை, வாருவதையும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜன்னல் வெயில் சாய்ந்தது. அந்த அம்மாவின் கைகள் அசைய ஆரம்பித்தன. மணிக்கட்டு வரை ஒரு கையால் மறு கையைத் தேய்த்தார், மூன்று முறை. குழித்த உள்ளங்கையை வாய்க்குக் கொண்டுபோனார். பிறகு மூக்குக்கு. முகத்தை மேலிருந்து கீழாகத் தடவினார். வலது முழங்கை வரை, இடது முழங்கை வரை. தலையைத் தடவி, விரலைக் காது மடிப்புக்குள் ஓட்டினார். தண்ணீர் ஒரு சொட்டு இல்லை. தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுகிற ஒளுவைச் செய்துகொண்டிருக்கிறார்! வரிசை ஒன்று தப்பவில்லை. கால் மட்டும் கைக்கு எட்டவில்லை. சீப்பைக் கீழே வைத்துவிட்டு நண்பன் குனிந்து அந்த இரண்டு பாதங்களையும் தடவி முடித்துவைத்தான்.

பெற்ற பிள்ளையைத் தெரியாத நிலையில் மனம் எங்கே இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எழுபது வருடமாக ஒரு நாளைக்கு ஐந்து வேளை செய்தது கையில் இருந்தது.

‘இஸ்லாத்திலேயே நிய்யத் என்ற எண்ணம்தானே முதலில்?’ என்று எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் கேட்டார். ஆமாம், முதலில்தான். முதலில் என்றாலே அடுத்தது என்று ஒன்று இருக்கிறதே! எண்ணம் வைப்பதையே முதல் படியாக எழுதிவைத்த முறை அது. கடமையான தொழுகை மட்டும் ஒரு நாளைக்கு 17 ரக்அத்; நின்று, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழுகிற ஒரு சுற்றுதான் ரக்அத். நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழலாம், உட்கார முடியாவிட்டால் படுத்தபடி. ஒளுவுக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் சுத்தமான மண். பயணத்தில் நான்கு ரக்அத்துகள் இரண்டாகச் சுருங்கும். முறை என்றால் இரும்புச் சட்டம் என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 2007-ல் மலேசியாவின் ஷேக் முஸாபர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். அது சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது; ஒரு நாளில் 16 சூரிய உதயம். அங்கே வைகறைத் தொழுகை எத்தனை தடவை? தொழும்போது நோக்க வேண்டிய காபாவின் திசை, அதாவது கிப்லா, எந்தப் பக்கம்? மலேசிய மார்க்க அறிஞர்கள் உட்கார்ந்து வழிகாட்டி எழுதினார்கள்: புறப்பட்ட இடத்து நேரக் கணக்கில் 24 மணிக்கு ஐந்து வேளை, காபாவை நோக்க முடிந்தால் காபா, முடியாவிட்டால் அதற்கு நேர் மேலே உள்ள திசை, அதுவும் முடியாவிட்டால் பூமி, அதுவும் இல்லையென்றால் எங்கே பார்க்க முடியுமோ அங்கே. பூமியை விட்டே போனவருக்கும் திரும்பி நிற்க ஒரு திசை தேவைப்பட்டது, நடுவர் அவர்களே.

இழவு வீட்டுக்கு வாருங்கள். யூதர்கள் தாய் தகப்பன் இறந்தால் காதிஷ் என்ற பிரார்த்தனையைப் பதினொரு மாதம் சொல்கிறார்கள். அதில் சாவு என்ற சொல்லே கிடையாது. முழுக்க இறைவன் புகழ். தகப்பனைப் புதைத்துவிட்டு வந்தவனுக்குக் கடவுளைப் புகழ மனம் வருமா? கோபம் வரும், இல்லையென்றால் ஒன்றுமே வராது. அவனைத் தனியாகவும் சொல்ல விடமாட்டார்கள். பத்துப் பேர் கூடினால்தான் சொல்ல முடியும். மனம்தான் எல்லாம் என்றால் அவன் வீட்டிலேயே இருந்திருப்பான். பத்துப் பேர் வேண்டும் என்ற விதி அவனைத் தினமும் எழுப்பிச் சட்டையை மாட்டி மனிதர்கள் நடுவில் கொண்டுவந்து நிறுத்துகிறது.

உடம்பும் இதற்குச் சாட்சி சொல்கிறது. 2001-ல் இத்தாலியின் லூசியானோ பெர்னார்டியும் அவர் குழுவினரும் 23 பேரைச் செபமாலையின் மரியே வாழ்க ஜெபத்தை லத்தீனில் சொல்லவைத்தார்கள். ‘ஓம் மணி பத்மே ஓம்’ என்ற மந்திரத்தையும் சொல்லவைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற கணக்குக்கு இறங்கியது. இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் அந்தத் தாளத்தில் சேர்ந்து அசைந்தன. இதனால் கடவுள் கேட்டார் என்று ஆகிவிடாது. அந்த வழக்கு வேறு மன்றம். நான் சொல்வது இவ்வளவுதான்: சொல்லின் நீளத்தை யாரோ மூச்சுக்கு அளந்து தைத்திருக்கிறார்கள்.

‘முறையே இல்லாத வழிபாடும் உண்டு’ என்று குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவர்களில் மௌன வழிபாடு செய்கிற பிரிவினரைக் காட்டினார்கள். பூசாரி இல்லை, பாட்டு இல்லை, சும்மா மௌனம். உண்மை. ஆனால் குறித்த நாளில், குறித்த நேரத்தில், ஒருவரை ஒருவர் பார்க்கும்படி நாற்காலி போட்டு உட்கார்ந்து, முடிந்ததற்கு அடையாளமாகக் கைகுலுக்கிக்கொள்கிறார்களே, அதற்கு என்ன பெயர்?

எங்கள் பக்கத்தில் குறை இல்லையா? இருக்கிறது. திபெத்தில் மந்திரத்தை எழுதி உருளைக்குள் வைத்து, கையால் சுற்றுவார்கள். சில இடங்களில் ஓடும் தண்ணீரே சுற்றிவிடும். முதலில் கேள்விப்பட்டபோது எனக்கே சிரிப்புதான் வந்தது. நானும் கண்ணை மூடி உட்கார்ந்து கடன் தவணையைக் கணக்குப் போட்டவன்தான். ஆனால் அந்த நாட்களில் மனம் வராவிட்டாலும் முட்டி வந்தது, வாய் வந்தது. மனம் எப்போதாவது தாமதமாக வந்து பார்த்தபோது நான் இடத்தில் இருந்தேன். மனம் வரட்டும், அப்புறம் உட்காரலாம் என்று காத்திருந்த ஆட்களையும் எனக்குத் தெரியும். இன்னும் காத்திருக்கிறார்கள்.

சாமி கும்பிடாதவர்களைக் கவனியுங்கள். ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு போகும்போது ஒரு கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. ஓட்டுநர் வண்டியைக் கிளப்பும் முன் ஸ்டீயரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். வினாத்தாள் கைக்கு வந்த பிள்ளை அதைத் திருப்பும் முன் ஒரு நொடி கண்ணை மூடுகிறது. இவர்களிடம் போய் என்ன வேண்டிக்கொண்டாய் என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி வைத்துவிட்டு இறங்குகிறேன். நீங்கள் மூன்று பேரும் பேசி முடித்ததும் நடுவரைப் பார்த்து என்ன செய்தீர்கள்? மனத்துக்குள் மரியாதையை நினைத்துக்கொண்டு சும்மா இறங்கிப் போகவில்லையே! நானும் இரண்டு கையையும் கூப்பித்தான் சொல்கிறேன். வணக்கம்.