வலி போன பல்லுக்கு எதற்கு கேப்?

நேயர்களுக்கு வணக்கம். பல் மருத்துவரான என்னிடம் பலரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வலிதான் போயிடுச்சே டாக்டர், அப்புறம் எதுக்கு கேப்?" வேர் சிகிச்சை, அதாவது சொத்தைப் பல்லின் நரம்பை எடுத்து வேரைச் சுத்தம் செய்யும் ரூட் கேனால், முடிந்து இரண்டு ராத்திரி நிம்மதியாகத் தூங்கியவர்கள் கேட்பது இது. பல்லின் மேல் தொப்பி போல மாட்டும் மூடிதான் கேப். அதற்குத் தனியாகக் காசு வேறு. கேட்கத்தான் செய்வார்கள்.

ஒரு பெரியவர் இப்படிக் கேட்டுவிட்டுப் போனவர், எட்டு மாதம் கழித்து கிருஷ்ண ஜெயந்திக்கு மறுநாள் வந்தார். கைக்குட்டையில் பாதிக் கடைவாய்ப்பல். சீடையைக் கடித்திருக்கிறார். மிச்சப் பல் ஈறுக்குக் கீழே வரை பிளந்திருந்தது. பிடுங்க வேண்டியதாயிற்று.

சொத்தை ஏற்கெனவே பல்லைத் தின்றிருக்கும். வேரைச் சுத்தம் செய்ய நாங்களும் மேலே திறக்கிறோம். மிஞ்சுவது சுற்றுச்சுவரும் நடுவில் அடைப்பும்தான். அழுத்தம் விழுந்தால் சுவர் வெளியே சாயும். உலக்கைக்கு ஏன் பூண் போடுகிறோம்? மரம் பிளக்காமல் இருக்கத்தானே. கேப்பும் அந்தப் பூண்தான். முன்பல்லாக இருந்து, பெரிதாகச் சேதமில்லை என்றால் சில சமயம் அடைப்பே போதும். கடைவாய்ப்பல்லுக்கு அப்படி விட முடியாது.

பல்லைச் சுற்றிலும் மேலேயும் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் செதுக்கி, அச்சு எடுத்து லேபுக்கு அனுப்புவோம். சுமார் ஒரு வாரம் ஆகும். அதுவரை தற்காலிக கேப் போட்டிருந்தால் கடலை மிட்டாய் பக்கம் போகாதீர்கள், இழுத்துக்கொண்டு வந்துவிடும். எந்த கேப் நல்லது என்பார்கள். மெட்டல், மெட்டல் மேல் பீங்கான், ஜிர்கோனியா என்ற உறுதியான வெள்ளைப் பீங்கான் என்று பல வகை உண்டு. யார் கண்ணுக்கும் படாத கடைசிப் பல்லுக்கு வெறும் மெட்டலே போதும் என்பது என் கட்சி. பல்லைக் குறைவாகச் செதுக்கினால் போதும். ஆனால் வெள்ளையாகத்தான் வேண்டும் என்கிறார்கள். சரி, அவர்கள் வாய்.

கேப் பொருத்தும் அன்று, கார்பன் பேப்பர் மாதிரி ஒரு நீலத் தாளை வைத்துக் கடிக்கச் சொல்வோம். கேப் மேடாக இருக்கும் இடத்தில் நீலம் அழுத்தமாகப் பதியும். அதைத் தேய்த்துச் சரிசெய்வோம். மரத்த வாயோடு "பரவாயில்லை, பழகிடும்" என்று எழுந்துவிடாதீர்கள். பழகாது. வீட்டுக்குப் போன பிறகும் அந்தப் பல்தான் முதலில் இடிக்கிறது என்றால் திரும்பி வாருங்கள்.

கேப் சொத்தையாகாது. அதன் விளிம்பும் பல்லும் சேரும் இடம், ஈறோரம், அங்கேதான் அழுக்குத் தங்கும், உள்ளிருக்கும் பல் சொத்தையாகும். நரம்பை எடுத்துவிட்டதால் கூசாது, வலிக்காது, ஒரு தகவலும் வராது. அதனால் பிரஷ்ஷை ஈறை நோக்கிச் சாய்த்துத் தேயுங்கள். பல் இடுக்குக்கு ஃப்ளாஸ் நூல் போடுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். ராத்திரி பல்லை நறநறவென்று கடிப்பவர்கள் அதையும் சொல்லிவிடுங்கள், தூங்கும்போது பல்வரிசையில் மாட்டிக்கொள்ள ஒரு உறை செய்து தருவோம்.

கேப் கழன்றுவிட்டால் பதற வேண்டாம். சின்ன டப்பாவில் போட்டு எடுத்து வாருங்கள், பல நேரம் அதையே திரும்ப ஒட்டலாம். கடையில் விற்கும் பசையால் நீங்களே ஒட்டாதீர்கள். ஒரு அம்மா ஒட்டிக்கொண்டு வந்தார், முன்பக்கம் பின்பக்கமாக. அதைக் கழற்றவே எனக்கு முக்கால் மணி நேரம் ஆனது.