டைல்ஸில் தப்பான இடத்தில் ஓட்டை விழுந்துவிட்டதா? வெள்ளை சிமென்ட்டை எடுப்பதற்கு முன்னால் பாருங்கள்

வணக்கமுங்க. இன்றைக்குக் குளியலறைக்குள் நின்று பேசுகிறேன், குரல் கொஞ்சம் எதிரொலிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோபிச்செட்டிபாளையத்தில் அத்தை வீடு இது. டவல் ராடு மாட்ட வந்தவர் 24 அங்குல ராடு என்று நினைத்து இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுவிட்டார். அத்தை வாங்கி வைத்திருந்தது 18 அங்குலம். ஒரு பக்கம் மாட்டியாச்சு. மறுபக்கத்து ஓட்டைகள் இதோ கண் மட்டத்தில் முழித்துக்கொண்டு நிற்கின்றன.

"கொஞ்சம் வெள்ளை சிமென்ட்ட அப்பி உட்டுறலாமல்ல கண்ணு?" என்றார் அத்தை. முக்கால்வாசிப் பேர் செய்வது அதுதான். காலண்டர் மாட்டப் போட்ட ஓட்டை, பூஜை அறைச் சுவர், தண்ணீர் படாத இடம் என்றால் நானும் அதையே செய்வேன். குளியலறையில் வேண்டாம். ஏனுங்க என்றால், நம் பக்கம் நிறைய வீடுகளில் போர் தண்ணீர்தான், உப்பு ஜாஸ்தி. இந்தக் குழாய்க்குக் கீழே பாருங்கள், வெள்ளையாகப் படிந்திருக்கிறதே, அதுதான். இதை எடுக்க மாதத்துக்கு ஒரு தடவை ஆசிட் ஊற்றித் தேய்ப்போம். ஆசிட் உப்புக் கறையை மட்டும் பார்த்துக் கரைப்பதில்லை, சிமென்ட்டையும் சேர்த்து அரிக்கும். கொஞ்ச நாளில் அடைத்த இடம் குழியாகிவிடும், தண்ணீர் உள்ளே போகும், சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறையில் பெயின்ட் உப்பிக்கொண்டு வரும். உப்பு அதிகமில்லாத சிறுவாணி ஆற்றுத் தண்ணீரில் குளிக்கும் கோயம்புத்தூர்க்காரர்கள் வேண்டுமானால் கொஞ்சம் தைரியமாக இருக்கலாம்.

அதனால் இங்கே எபாக்ஸி, அதாவது இரண்டு பொருளைக் கலந்தால் கல் மாதிரி இறுகிவிடுகிற பசை. பைப் லீக் அடைக்கிற எம்-சீலும் எபாக்ஸிதான், எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஆனால் பிசைந்தால் சாம்பல் நிறம். இந்த வெளிர் மஞ்சள் டைல்ஸில் அதை வைத்தால் மச்சம் மாதிரி தெரியும். அதை அடிப்பகுதி நிரப்ப மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு மில்லிமீட்டர் விட்டுவிட்டு, அந்த இடத்தில் நிறம் சேர்த்ததைப் பூச வேண்டும்.

முதலில் ஸ்க்ரூ பிடிப்பதற்காக ஓட்டைக்குள் அடித்திருக்கிற பிளாஸ்டிக் பிளக்கை எடுக்க வேண்டும். ஸ்க்ரூவைப் பாதி மட்டும் திருகி, கட்டிங் பிளேயரால் நேராக வெளியே இழுங்கள். நெம்பாதீர்கள், டைல்ஸ் ஓரம் பெயர்ந்துவிடும். வந்துவிட்டது, பார்த்தீர்களா? வரவே மாட்டேன் என்றால் அந்த ஸ்க்ரூவை எடுத்துவிட்டு, பிளக்கை ஆணித் தலையால் உள்ளே தள்ளிவிடுங்கள், சுவருக்குள் கிடந்துவிட்டுப் போகட்டும். அப்புறம் தூசு. பழைய டூத் பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றி, ஊதிவிடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. உள்ளே ஈரம் இருக்கவே கூடாது. ஹேர் டிரையர் இருந்தால் காட்டலாம், இல்லையென்றால் ஒரு நாள் சும்மா விடுங்கள்.

இப்போது நிறம். பலரும் சொல்கிற யோசனை, மிச்சமிருக்கும் டைல்ஸை இடித்துப் பொடியாக்கிக் கலந்தால் அதே நிறம் வரும் என்பது. இந்த உடைந்த துண்டின் ஓரத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் காட்டுகிறேன். மேலே மெல்லிசாக ஒரு பளபளப்புப் பூச்சு, அதற்குக் கீழே முழுக்கச் செங்கல் நிறம். இதை இடித்தால் செங்கல் பொடிதான் கிடைக்கும்! சில விட்ரிஃபைட் டைல்ஸில் மேலிருந்து கீழ் வரை ஒரே நிறமாக இருக்கும், அதற்கு இந்த யோசனை சரி. சுவரில் ஒட்டுகிற சாதா செராமிக்குக்கு உதவாது.

மேல் பூச்சுக்கு நான் எடுத்தது அரால்டைட், இதுவும் எபாக்ஸிப் பசைதான். இரண்டு டியூப்பிலும் சம அளவு, ஒரு பழைய தட்டில். அதில் காய்ந்த வெள்ளை சிமென்ட் பொடி, தண்ணீர் சேர்க்காமல். நிறத்துக்கு மஞ்சள் ஆக்சைடு பொடி, தரைக்குப் போடுகிற ரெட் ஆக்சைடுக்குப் பக்கத்திலேயே கடையில் இருக்கும். எவ்வளவு என்கிறீர்களா? தீக்குச்சி முனையில் ஒட்டுகிற அளவு. கலந்து, டைல்ஸ் மேலேயே ஒரு புள்ளி வைத்து, நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள். கிட்டத்தில் பார்த்து நிறம் முடிவு செய்யாதீர்கள், குளிக்கும்போது யாரும் சுவரில் மூக்கை ஒட்டி நிற்பதில்லை. ஒத்துப்போனதும் அந்தப் புள்ளியை உடனே துடைத்துவிடுங்கள். டைல்ஸ் வேலை நடக்கிற வீடு பக்கத்தில் இருந்தால் இந்தப் பாடே வேண்டாம், மேஸ்திரியிடம் டைல்ஸ் இடுக்கில் பூசக் கலந்து வைத்த எபாக்ஸி கிரவுட் ஒரு உருண்டை கேளுங்கள், கொடுப்பார். இறுகுவதற்குள் ஓடி வர வேண்டும், அவ்வளவுதான்.

ஓட்டையைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டியாச்சு. தீக்குச்சியால் ஓரத்திலிருந்து தள்ளித் தள்ளி நிரப்புங்கள், நடுவில் காற்று அடைபடக் கூடாது. பழைய ஏ.டி.எம். கார்டை வைத்து ஒரே இழுப்பு. டேப்பை இப்போதே உரித்துவிடுங்கள், காய்ந்தபின் உரித்தால் பூசியதும் கூடவே வரும். எபாக்ஸி காய்ந்தாலும் அவ்வளவாகச் சுருங்காது, அதனால் மட்டமாக ஒரு தடவை பூசினால் போதும். சற்றே தூக்கலாக நின்றால் நாளைக்கு பிளேடால் சீவலாம். காய்ந்தபின் மினுமினுப்பு குறைவாகத் தெரிந்தால் நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு.

இந்த இரண்டாவது ஓட்டையைப் பாருங்கள், ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. எடுத்தவுடனே டிரில்லை ஹேமர் மோடில், அதாவது இடித்துக்கொண்டே துளைக்கிற மாதிரி, போட்டு அடித்தால் இப்படித்தான் ஆகும். பளபளப்புப் பூச்சைத் தாண்டும் வரை ஹேமரை அணைத்து, மெதுவாகச் சுழல விட வேண்டும். சில்லு சின்னது என்றால் அதே கலவை போதும். ஆனால் ஓட்டையிலிருந்து டைல்ஸ் ஓரம் வரை முடி மாதிரி விரிசல் ஓடியிருந்தால் எதையும் பூசிப் பிரயோஜனமில்லை, அந்த ஒரு டைல்ஸை மாற்றத்தான் வேண்டும். வீடு கட்டும்போது மிச்சமான பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான். அதே மாடல் கடையில் இருந்தாலும் அடுத்த பேட்ச்சில் ஷேடு மாறி வரும்.

இந்தச் சில்லு ஓட்டையை நான் மறைக்கப் போவதில்லை. அடிப்பகுதியை மட்டும் எம்-சீலால் அடைத்து, மேலே ஒட்டுகிற ஸ்டீல் ஹூக் ஒன்று. அத்தைக்குப் பீர்க்கங்கூடு மாட்ட இடம் இல்லையாம், ஆச்சு. ராடுக்கான புது ஓட்டையைப் பழையதிலிருந்து ஒரு அங்குலமாவது தள்ளிப் போடுங்கள், அடைத்த இடத்தில் பிட் வழுக்கும்.

நாளைக்குச் சாயங்காலம் வரை இந்தச் சுவரில் தண்ணீர் படக் கூடாது. மாமாதான் பின்பக்கக் குளியலறைக்குப் போக வேண்டுமா என்று முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார். உங்கள் டைல்ஸ் என்ன நிறம் என்று கீழே எழுதுங்கள், எந்த ஆக்சைடு சேர்க்கலாம் என்று சொல்கிறேன். வரட்டுங்களா?