ஒரு சீட்டுக்காகக் காத்திருக்கும் பெண்கள்

நேயர்களுக்கு வணக்கம். யூதச் சமயச் சட்டம் மணமுறிவைத் தடை செய்யவில்லை. மனைவியை விலக்க நினைக்கும் கணவன் ஒரு தள்ளுதற்சீட்டை எழுதி அவள் கையில் கொடுக்க வேண்டும் என்று உபாகமம் 24ஆம் அதிகாரம் சொல்கிறது. ‘கெட்’ என்று யூதர்கள் வழங்கும் அந்தச் சீட்டுக்கென்றே, யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் ‘கிட்டீன்’ என்னும் தனிப்பகுதி உண்டு. எக்காரணத்துக்காக மனைவியை விலக்கலாம் என்ற வாதமும் அங்கேதான் வருகிறது. பண்டைய யூத அறிஞர்கள் இருவரின் வழியினர் அதில் மாறுபட்டனர். கற்பு நெறி தவறினால் மட்டுமே என்றனர் ஷம்மாயின் வழியினர். சமைத்ததைக் கெடுத்துவிட்டாலே போதும் என்றனர் ஹில்லேலின் வழியினர். ஆயினும் அதே பகுதிக்குத் தல்மூத் என்னும் நூல் தரும் விளக்கவுரை, ஒருவன் தன் முதல் மனைவியை விலக்கும்போது பலிபீடமே கண்ணீர் வடிக்கிறது என்ற வாக்குடன் முடிகிறது.

இந்தச் சீட்டு எப்படி வழங்கப்படுகிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அச்சடித்த படிவம் இதற்குச் செல்லாது. கணவன் கேட்டுக்கொண்டதன் பேரில், அந்தக் கணவனுக்காகவும் அந்த மனைவிக்காகவும் மட்டுமே, எழுத்தர் ஒருவர் இறகுப் பேனாவால் 12 வரிகளில் எழுதுகிறார். மொழி பெரும்பாலும் அரமேயம். இருவரும் எந்தெந்தப் பெயர்களால் அழைக்கப்படுகிறார்கள், சீட்டு எழுதப்படும் ஊர் எந்த ஆற்றை ஒட்டியிருக்கிறது என்பன போன்ற விவரங்களில் ஒரு பிழைகூட இருத்தலாகாது. இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்டபின், பெண் தன் இரு கைகளையும் குவித்து நீட்ட, அவள் இனி வேறொருவரை மணக்கத் தடையில்லை என்று சொல்லிக் கணவன் அதை அக்கைகளில் இடுகிறான். அவள் அதைப் பற்றிக்கொண்டு சில அடிகள் நடக்கிறாள். பின்னர் சமய நீதிமன்றம் அந்தத் தாளைக் கத்தரித்துத் தன்னிடமே வைத்துக்கொண்டு, மணமுறிவு நிறைவேறியதற்கான சான்றிதழை வழங்குகிறது. அவள் மறுமணத்துக்குச் சுமார் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். பிறக்கும் குழந்தையின் தந்தை யார் என்ற ஐயம் எழாமலிருக்கவே இந்த ஏற்பாடு.

இத்தனை கண்டிப்பும், அவள் விடுதலையை நாளை ஒருவரும் கேள்விக்குள்ளாக்கக் கூடாது என்பதற்காகத்தான். கணவன் நினைத்த மாத்திரத்தில் வெளியேற்றிவிடாதபடி, ‘கெத்துபா’ என்னும் திருமண ஒப்பந்தம் அவளுக்குரிய தொகையை முன்கூட்டியே உறுதி செய்தது. சுமார் 1000ஆம் ஆண்டில், ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ரப்பி (யூதச் சமய அறிஞர்) கெர்ஷோம், மனைவியின் சம்மதமின்றி அவளை விலக்கலாகாது என்று கட்டளையிட்டதாக மரபு கூறுகிறது.

ஆனால், கணவன் மனமுவந்து கொடுத்தால்தான் சீட்டு செல்லும் என்ற அடிப்படை விதி அப்படியே நின்றது. அவன் மறுத்தால், அரசு நீதிமன்றம் பிரித்துவைத்த பின்னரும் சமயச் சட்டத்தின்படி அவள் மனைவியே. அவளை ‘அகுனா’, அதாவது கட்டுண்டவள், என்கிறார்கள். அந்நிலையில் அவள் வேறொரு யூதரோடு வாழ்ந்து பெறும் குழந்தை ‘மம்சேர்’, அதாவது தடை செய்யப்பட்ட உறவில் பிறந்தது, ஆகி, யூதச் சமூகத்தினர் பெரும்பாலாரை மணக்க முடியாமல் போகிறது. ஆணின் பிள்ளைகளுக்கோ, தாய் மணமாகாதவளாக இருந்தால், அந்தத் தடை இல்லை. இந்த ஏற்றத்தாழ்வே, வீட்டையும் பணத்தையும் பிள்ளைகளையும் விட்டுக்கொடுத்தால்தான் கெட் தருவேன் என்று மிரட்டச் சில கணவர்களுக்குத் துணிவு தருகிறது. புனிதமான ஒரு சட்டத்தை இப்படிப் பேரம் பேசும் கருவியாக்குவதைவிடக் கொடிய அவமதிப்பு அதற்கு வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

இஸ்ரேலில் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி யூதர்களின் திருமணமும் மணமுறிவும் ரப்பிகளின் நீதிமன்றத்துக்கு உட்பட்டவை. கெட் தர மறுப்பவரின் ஓட்டுநர் உரிமத்தையும் கடவுச்சீட்டையும் முடக்கவும், அவரைச் சிறையிலிடவும் 1995ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. எனினும் சிறையும் சிலரை அசைப்பதில்லை: 30 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்தும் மனைவிக்குச் சீட்டுக் கொடுக்காமலே ஒருவர் 1994இல் அங்கேயே இறந்தார். நியூயார்க் 1983இலும் இங்கிலாந்து 2002இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. ஆனால் சமய நீதிமன்றத்தின் தீர்ப்பின்றி வெளியார் வற்புறுத்திப் பெற்ற கெட் செல்லாது என்பதால், உதவ வந்த அரசுச் சட்டமே சில வேளைகளில் ஐயத்துக்கு இடமாகிவிடுகிறது.

ஆகவேதான், மணத்துக்கு முன்பே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். அமெரிக்காவின் பெத் தின் என்னும் யூதச் சமய நீதிமன்றம் பயன்படுத்தும் ஒப்பந்தத்தில், தம்பதியர் பிரிந்து வாழத் தொடங்கியபின் கெட் வழங்கப்படும் வரை மனைவியின் பராமரிப்புக்கென நாளொன்றுக்கு 150 டாலர் அளவில் ஒரு தொகையைத் தரக் கணவன் கடமைப்படுகிறான். அது அபராதமன்று, கணவனுக்கு ஏற்கெனவே உள்ள பராமரிப்புக் கடமையே. எனவே வற்புறுத்தல் என்ற பேச்சுக்கு இடமில்லை. அமெரிக்க ரப்பிகள் மன்றம், இத்தகைய ஒப்பந்தமின்றித் தன் உறுப்பினர்கள் திருமணம் நடத்திவைக்கலாகாது என்று 2016இல் தீர்மானித்தது. இஸ்ரேலில் அது இன்னும் கட்டாயமாக்கப்படவில்லை. ஒப்பந்தமின்றி ஏற்கெனவே மணந்துவிட்ட பெண்களோ, கணவனின் சம்மதத்தைத்தான் இன்றும் நம்பியிருக்கிறார்கள்.