சூடு யாருக்கு?

நடுவர் அவர்களே, இரண்டு அணியிலும் இருக்கும் நண்பர்களே, மணி பத்தரை ஆகியும் பாயைச் சுருட்டாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

‘நம்ம சாப்பாட்டின் ருசி பெரிதும் இருப்பது வீட்டு அடுப்பிலா, ஓட்டல் அடுப்பிலா?’ இதுதான் தலைப்பு. நான் ஓட்டல் அடுப்புக்காகப் பேச வந்திருக்கிறேன். விழாக் குழுவிலிருந்து போனில் கூப்பிட்ட தம்பி, நான் வாயைத் திறக்கும் முன்பே, “உங்களை வீட்டு அணியில போட்டுட்டோம்மா” என்றார். “ஏன்ப்பா?” என்றேன். “லேடீஸ்னா வீடுதானேம்மா” என்றார். “தம்பி, நான் இருபத்தாறு வருஷமா தினம் சமைக்கிறவ. அதனாலேயே என்னை அந்தப் பக்கம் போடு” என்றேன். போட்டுவிட்டார். வீட்டு அணியில் காலியான அந்த நாற்காலியில்தான் எனக்கு முன் பேசிய சார் உட்கார்ந்திருக்கிறார். அவர் வீட்டில் உப்பு டப்பா எந்த அலமாரியில் இருக்கிறது என்று அப்புறம் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

சார் நன்றாகப் பேசினார். இல்லை என்று சொல்ல மாட்டேன். அவர் அம்மா வார்த்த தோசையைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். “நாங்கள் நாலு பிள்ளைகள், அப்பாவோடு ஐந்து பேர், தரையில் வரிசையாக உட்காருவோம். அம்மா கல்லிலிருந்து எடுத்து நேரே தட்டில் போடுவார்கள். சுடச்சுட. ஒருத்தர் தட்டும் காலியாக இருக்காது” என்றார். கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே ஒரு கணக்குப் போட்டேன். ஐந்து பேர், ஆளுக்கு நாலு என்றால் இருபது தோசை. ஒன்றுக்கு இரண்டு நிமிடம். நாற்பது நிமிடம் அந்த அம்மா அடுப்புக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள். சார், அம்மா எப்போ சாப்பிட்டாங்க?

உங்களுக்கு ஞாபகம் வராது. நீங்கள் கை கழுவிவிட்டு விளையாடப் போயிருப்பீர்கள். நான் சொல்கிறேன், இது எந்த வீட்டிலும் ஒன்றுதான். மாவுச் சட்டியின் ஓரத்தையெல்லாம் கரண்டியால் வழிப்பாள். அப்படியும் ஒட்டிக்கொண்டிருப்பதை வீணாக்க மனசு வராது. அரைக் கரண்டி தண்ணீர் விட்டு அலசி, அதையும் கல்லில் ஊற்றுவாள். அது தோசையாக வராது. நடுவில் ஓட்டை, ஓரமெல்லாம் தீய்ச்சல், சுரண்டித்தான் எடுக்க வேண்டும். சட்னி தீர்ந்திருக்கும். மிக்ஸி ஜாரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அதைத் தட்டில் விட்டுக்கொள்வாள். சாம்பார் ஆறி ஆடை கட்டியிருக்கும். சூடு பண்ணலாம்தான், ஒருத்திக்காக எதற்கு கேஸ் என்று விட்டுவிடுவாள். அப்புறம் சமையல் மேடையில் சாய்ந்து நின்றபடியே நாலு வாயில் முடித்துவிட்டுப் பாத்திரத்தை ஊறப்போடுவாள்.

நடுவர் அவர்களே, என் கட்சி இவ்வளவுதான். நம்ம ஊர் சாப்பாட்டுக்கு ருசி என்றால் சூடு. வீட்டில் அந்தச் சூடு எல்லாருக்கும் கிடைக்கிறது, சமைத்தவளைத் தவிர. இதை ஒரு பக்கம் வைத்துவிட்டு முதலில் அடுப்பைப் பார்ப்போம். அடுப்பு விஷயத்திலேயே வீடு தோற்கிறது.

எதிரணி அக்கா, “நெய் ரோஸ்ட் என்ன பெரிய வித்தையா, நல்ல இரும்புக் கல் இருந்தால் வீட்டிலேயே வரும்” என்றார். நானும் அப்படித்தான் நினைத்து, போன வருடம் கனமான இரும்புக் கல் ஒன்று வாங்கினேன். தூக்குவதற்கே ஒரு ஆள் வேண்டும். அடுப்பில் வைத்தால் காய்வதற்குப் பதினைந்து நிமிடம். மாவை ஊற்றி இழுத்தேன். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்தது. சுற்றிலும் வெள்ளையாக, ஈரமாக அப்படியே கிடந்தது. ஓரம் சிவக்கட்டும் என்று விட்டால் நடு கருகுகிறது. பிறகுதான் குனிந்து பார்த்தேன். கல் ஒன்றரைச் சாண், பர்னர் நாலு விரல்! தீ நடுவில் மட்டும் எரிந்தால் ஓரம் எப்படிச் சிவக்கும்?

ஓட்டலில் நெய் ரோஸ்ட் சொல்லிவிட்டு, முடிந்தால் மாஸ்டர் நிற்கும் இடத்தை எட்டிப் பாருங்கள். மேசை அகலத்துக்கு இரும்புத் தகடு. அடியில் அந்த அகலத்துக்கே தீ. ஒரு குவளை தண்ணீரை விசிறுவார். தண்ணீர் முத்து முத்தாக ஓடும். தென்னந்துடைப்பத்தால் ஒரே இழுப்பு. அதைச் சுத்தம் பண்ணுவதற்கென்று நினைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமும்தான். ஆனால் முக்கியமான வேலை, கல்லின் மேல் சூட்டை ஒரு நொடி தணிப்பது. கல் அதிகமாகக் காய்ந்திருந்தால் மாவு பரவாது, கரண்டியோடு சுருண்டு வரும். தணித்த அந்த நொடியில் மாவைப் போட்டு வட்டமாக இழுத்துவிடுகிறார். தகட்டின் கனத்துக்குள் தேங்கியிருக்கும் சூடு உடனே மேலே ஏறி வருகிறது. ஈரம் முழுக்க ஆவியாகப் போன பிறகுதான் மாவு சிவக்க ஆரம்பிக்கும், மொறுமொறுப்பு வரும். நம்ம வீட்டு நான்ஸ்டிக் தவாவில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த மாவை ஊற்றினால் கல் உடனே சில்லிட்டுப் போகிறது, தோசை அவிகிறது. அதைத்தான் நாம் ‘சாஃப்ட்டா இருக்குல்ல?’ என்று பிள்ளைகளை மிரட்டி ஒப்புக்கொள்ள வைக்கிறோம்.

நான் ரொட்டியின் கதையும் அதேதான். தந்தூரி அடுப்பின் உள்சுவர் 400 டிகிரியைத் தாண்டும். வீட்டு ஓவன் பெரும்பாலும் 250-லேயே நின்றுவிடும். ஒன்றிரண்டு நிமிடத்தில் உப்பிக் கொப்புளம் போட வேண்டிய ரொட்டி, வீட்டில் பத்து நிமிடம் காய்ந்து அப்பளமாக வருகிறது. ஆம்பூர் பிரியாணிக்கு விறகு அடுப்பு, மூடி மேல் கங்கு, அண்டா நிறைய அரிசி. அந்த அண்டா கனத்தில்தான் தம் நிற்கும். அரைப்படி அரிசியைக் குக்கரில் போட்டு இரண்டு விசில் விட்டு நான் எடுப்பதற்கு பிரியாணி என்று பெயர் வைத்தால் ஆம்பூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பரோட்டாவைப் பற்றி மதுரையில் நின்று நான் சொல்ல என்ன இருக்கிறது? மாவை அடித்து வீசும்போது காற்றில் விரிகிறதே, அதை என் வீட்டு அடுப்படியில் வீசினால் ஃபேனில் மாட்டும். சுட்டு அடுக்கி, இரண்டு பக்கமும் கையால் அடித்து இதழ் பிரிக்கிற அந்தச் சத்தம் வராத பரோட்டாவை மதுரைக்காரர்கள் இலையில் போட விடுவார்களா?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரசம். ரசத்தில் வீடுதான். நுரை கூடி வரும்போது இறக்க வேண்டிய பண்டம் அது, கொதிக்க விடக் கூடாது. ஓட்டலில் காலை பத்து மணிக்கு வைத்த ரசம் மூன்று மணி வரை கொதித்துக்கொண்டே இருக்கிறது. கீரை மசியலும் அப்படித்தான். சூடு குறைவாகக் கேட்கிற சமையலை வீட்டுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

“ஓட்டல்காரர்கள் வீட்டைப் பார்த்துத்தானே கற்றார்கள்” என்றும் சார் சொன்னார். பாதி சரி. மீதிப் பாதி இப்படி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தபோது ரவையை வைத்து இட்லி ஊற்றிப் பார்த்தது தாங்கள்தான் என்று பெங்களூரு எம்.டி.ஆர். ஓட்டல் சொல்கிறது. இன்றைக்கு ரவா இட்லி நம்ம வீட்டுப் பலகாரம். சிக்கன் 65 சென்னை மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் பிறந்தது என்பார்கள். பட்டர் சிக்கனை முதலில் செய்தது யார் என்று இரண்டு ஓட்டல்கள் 2024-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்கே போயின. வத்தக்குழம்பைக் கண்டுபிடித்தது யார் என்று எவளாவது கேஸ் போட்டாளா? போட மாட்டாள். குழம்பு நன்றாக இருந்தால் ‘எங்க குடும்பத்துக் கைப்பக்குவம்’, உப்பு கூடிப் போனால் மட்டும் ‘இவள் வைத்தது’.

எண்ணெய்க்கு வருகிறேன். “ஓட்டலில் ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிறான்” என்று அக்கா பயமுறுத்தினார். காய்ச்சுகிற ஓட்டல் உண்டு. ஒரு முறை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையில் பூரி சாப்பிட்டு இரண்டு நாள் படுத்திருக்கிறேன், அதனால் இதை மறைக்க மாட்டேன். ஆனால் ஓட்டலைக் கேட்க ஆள் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 ஜூலையிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறது. திரும்பக் காய்ச்சும் எண்ணெயில், அது கெட்டுப்போனதைக் காட்டும் போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் சமைக்கக் கூடாது. அதிகாரி மீட்டரோடு வந்து எண்ணெயில் முக்கிப் பார்க்கலாம். சரி, நம்ம வீட்டில்? தீபாவளிக்கு முறுக்கு சுட்ட எண்ணெயை வடிகட்டித் தூக்கில் ஊற்றி வைக்கிறோம். கார்த்திகைக்கு அதில் அப்பம். அப்புறம் ஒரு மாதம் அப்பளம். கடைசியில் கறுத்துப் போனதைக் கத்திரிக்காய் வதக்கலுக்கு. எந்த அதிகாரி மீட்டரைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக் கதவைத் தட்டினார்?

அடுத்தது காசு. “நெய் ரோஸ்ட் 120 ரூபாய், அதுக்கு மேல 5 சதவீதம் ஜிஎஸ்டி வேற. அந்தக் காசில் வீட்டில் ஐந்து பேர் சாப்பிடலாம்” என்றார் சார். கணக்கு சரிதான். அரிசிக்குப் போட்டீர்கள், உளுந்துக்குப் போட்டீர்கள், சிலிண்டருக்குப் போட்டீர்கள். நின்ற நாற்பது நிமிடத்துக்கு என்ன போட்டீர்கள்? 2019-ல் தேசிய புள்ளியியல் அலுவலகம், நாட்டில் யார் எதற்கு எவ்வளவு நேரம் செலவழிக்கிறார்கள் என்று கணக்கெடுத்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்களுக்கு ஒரு நாளைக்குச் சராசரி 299 நிமிடம். ஆண்களுக்கு 97. இந்த 97 நிமிடமும் ‘நான் செய்கிறேன்’ என்று சொல்லும் ஆண்களை மட்டும் எடுத்த கணக்கு. அடுப்படிப் பக்கமே வராதவர்களை இதில் சேர்க்கவில்லை. சேர்த்தால் இந்தப் பந்தலில் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள்.

நடுவர் அவர்களே, மணி அடித்துவிட்டீர்கள். இரண்டு நிமிடம் கொடுங்கள். என் மாமியாரைப் பற்றிச் சொல்லாமல் இறங்க மாட்டேன்.

அவர்களுக்கு எழுபத்திரண்டு வயது. ஓட்டல் என்றாலே ஆகாது. “காசைக் கொடுத்து எவன் கையிலயோ சாப்பிடணுமா?” என்பார்கள். ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும் வழியில் வண்டி பஞ்சர். வேறு வழியில்லாமல் பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தோம். ஆறு பேர். சர்வர் தம்பி முதல் நெய் ரோஸ்ட்டைக் கொண்டுவந்து, வயதில் பெரியவர் என்று என் மாமியார் முன்னால் வைத்தார். கூம்பு மாதிரி நிற்கிறது, நெய் மணக்கிறது. அவர்கள் அதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, தட்டை அப்படியே என் வீட்டுக்காரர் பக்கம் தள்ளினார்கள். யோசித்துத் தள்ளவில்லை. கை தானாகத் தள்ளியது. அந்தத் தம்பி அடுத்த மேசைக்குப் போனவர் திரும்பி வந்து, தட்டை மறுபடி இவர்கள் பக்கம் நகர்த்தினார். “பாட்டி, அவருக்கும் வருது. நீங்க சாப்பிடுங்க, ஆறிடும்” என்றார்.

ஆறிடும். ஐம்பது வருடமாக அவர்கள் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்த வார்த்தை. மாமனாரிடம், பிள்ளைகளிடம், பேரன் பேத்தியிடம், வந்து போன அத்தனை விருந்தாளியிடமும். முதல் தடவை ஒருத்தர் அவர்களைப் பார்த்துச் சொல்கிறார். மாமியார் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. முனையை ஒடித்து வாயில் போட்டார்கள். மொறுக்கென்று சத்தம் கேட்டது. மற்றவர்களுக்கு வருவதற்குள் பாதி தோசை காலி. இறங்கி வரும்போது, “சட்னில தேங்காய் கம்மிதான்” என்று ஒரு குறை சொன்னார்கள். சொல்லத்தானே வேண்டும், அவர்களும் சமையல்காரி.

நடுவர் அவர்களே, இரண்டாவது மணியும் அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். மேடைக்குப் பின்னால் நம் எல்லாருக்கும் பார்சல் வந்து இறங்கியிருக்கிறது. பரோட்டா, சால்னா. வரும்போது பார்த்தேன், இலையில் ஆவி அடித்துக்கொண்டிருந்தது. வீட்டு அணியில் பேசிய சாருக்கும் அக்காவுக்கும் சேர்த்துத்தான் வந்திருக்கிறது. வேண்டாம் என்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், என் வீட்டில் ஆள் இருக்கிறது. தீர்ப்பை மட்டும் கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள் ஐயா, ஆறிடும்.

நன்றி, வணக்கம்.