அந்த மதிப்பெண்ணிடம் யார் கேள்வி கேட்பது?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணினி போடும் மதிப்பெண்ணுக்கு நீதிமன்றத்தில் இடம் கொடுக்கலாமா என்பது தலைப்பு. கூடாது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி 2011-இல் வந்த ஓர் இஸ்ரேல் ஆய்வைச் சொன்னார். உணவு இடைவேளை முடிந்த கையோடு நீதிபதிகள் தாராளமாகப் பரோல் கொடுத்தார்கள், நேரம் ஆக ஆக அது ஏறக்குறைய இல்லாமலே போனது, ஆகவே பசிக்காத இயந்திரமே மேல் என்றார். ஆனால் அதே ஆண்டு அதற்கு மறுப்பும் வந்ததே! வக்கீல் இல்லாத கைதிகளின் மனுக்கள் பெரும்பாலும் அமர்வின் கடைசியில்தான் எடுக்கப்பட்டன. அப்படியென்றால் பசிதான் காரணம் என்று எப்படி அடித்துச் சொல்வது? எண்ணைப் பார்த்ததுமே காரணம் கிடைத்துவிட்டதாக நம்பிவிடுகிறோம், என் பயமே அங்கேதான்.

சரி, இயந்திரத்துக்கு வருகிறேன். அமெரிக்காவில் காம்பஸ் என்றொரு மென்பொருள். 137 கேள்விகள். சிலவற்றுக்குப் பதில் காவல் பதிவிலிருந்து வரும், மற்றதைக் கைதானவரே சொல்ல வேண்டும். உங்கள் அப்பா அம்மாவில் யாராவது சிறைக்குப் போனதுண்டா? உங்கள் நண்பர்களில் எத்தனை பேர் போதைப்பொருள் எடுக்கிறார்கள்? இப்படிக் கேட்டுவிட்டு, இவர் மறுபடி குற்றம் செய்வாரா என்பதற்கு 1 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். எந்தப் பதிலுக்கு எவ்வளவு எடை என்று கேட்டால், அது வியாபார ரகசியமாம்.

2016-இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்கள் ஃபுளோரிடாவின் புரோவர்ட் கவுண்டியில் 7,000-க்கும் மேற்பட்டவர்களின் மதிப்பெண்களை எடுத்து, அடுத்த இரண்டு ஆண்டில் என்ன நடந்தது என்று பார்த்தார்கள். மறுபடி எந்த வழக்கிலும் சிக்காத கறுப்பினத்தவரில் 100-க்கு 45 பேர்மீது ஆபத்தானவர் என்ற முத்திரை விழுந்திருந்தது. அதே நிலையில் இருந்த வெள்ளையரில் 23. காம்பஸைச் செய்த நிறுவனம் என்ன சொன்னது? எங்களிடம் 7 வாங்கியவர் கறுப்பரோ வெள்ளையரோ, மறுபடி சிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான், இதில் பாகுபாடு எங்கே என்றது.

நடுவர் அவர்களே, இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. தவறான முத்திரை இரு கூட்டத்துக்கும் ஒரே அளவில் விழ வேண்டும் என்பது ஒரு நியாயம், ஒரே மதிப்பெண்ணுக்கு ஒரே வாய்ப்பு இருக்க வேண்டும் என்பது இன்னொரு நியாயம். இரு கூட்டத்துக்கும் மறுபடி கைதாகும் விகிதம் வேறுவேறாக இருந்து, கணிப்பும் நூற்றுக்கு நூறு சரியாக இல்லாவிட்டால், இந்த இரண்டு நியாயங்களும் சேர்ந்து நிற்கவே முடியாது என்று ஆய்வாளர்கள் கணக்காகவே நிரூபித்துவிட்டார்கள். ஒன்றை விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்பதைக் கணக்கு சொல்லாது, அது அறம் சார்ந்த முடிவு, நாலு பேர் நடுவில் வாதாடி எடுக்க வேண்டியது. அதை ஒரு நிறுவனம் உள்ளுக்குள் முடித்துவிட்டு, அறிவியல் என்று பெயர் போட்டு நீதிபதி மேசைக்கு அனுப்புகிறது. அதுவும் அந்தத் தரவில் இருப்பது குற்றம் அல்ல, கைது. போலீஸ் அதிகம் சுற்றும் தெருவில் கைதும் அதிகமாகத்தானே இருக்கும்?

துல்லியமாவது இருக்கிறதா? 2018-இல் இரண்டு ஆய்வாளர்கள் வயது, முந்தைய தண்டனைகள் என்ற இரண்டே விவரங்களை வைத்து ஏறக்குறைய காம்பஸ் அளவுக்கே சரியாகக் கணித்துக் காட்டினார்கள். காம்பஸ் சரியாகச் சொன்னது 100-க்கு 65.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒருவருக்கு ஆறு ஆண்டு சிறை. தண்டனை சொன்ன நீதிபதி அவருடைய காம்பஸ் மதிப்பெண்ணையும் பார்த்தார். அது எப்படி வந்தது என்று எனக்குக் காட்டாமல் எப்படி நான் மறுப்பது என்று தண்டனை பெற்றவர் மேல்முறையீடு செய்தார். 2016-இல் மாநில உச்ச நீதிமன்றம், அதை மட்டும் நம்பாமல், எச்சரிக்கைக் குறிப்போடு பயன்படுத்தலாம் என்றது. கணக்கு அவருக்குக் கடைசிவரை காட்டப்படவில்லை. நீதிபதி தவறு செய்தால் காரணத்தைக் கேட்கலாம், அதைப் பிடித்து மேலே போகலாம். இங்கே எதைப் பிடிப்பது?

அப்புறம், கணினியையே தூக்கி எறியச் சொல்கிறீர்களா என்று எதிரணி கேட்கும். இல்லை. நியூயார்க்கில் சம்மன் வாங்கியவர்களுக்கு வாய்தா நாளை நினைவூட்டிக் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். வராமல் போனவர்கள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தார்கள். அந்தக் கணினியை வையுங்கள், நானும் கைதட்டுகிறேன். நன்றி, வணக்கம்.